கடலுக்கு முதுகு காட்டும் கப்பல்கள்

சொகுசுக் கப்பல் சுற்றுலா பற்றிய காணொளிகள் இப்போது தமிழிலும் நிறைய வருகின்றன. கேபினைச் சுற்றிக் காட்டுகிறார்கள். பஃபேயில் என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று தட்டுத் தட்டாகக் காட்டுகிறார்கள். நீச்சல் குளம், சறுக்கு, நாடக அரங்கு, சூதாட்டக் கூடம் எதையும் விடுவதில்லை. கடலைக் காட்டுபவர்கள் மிகச் சிலரே. படம் எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. கடந்த அறுபது ஆண்டுகளில் கப்பல்களே அப்படி மாறிவிட்டன என்பதுதான் என் வருத்தம். அந்த மாற்றத்தை ஒரே ஒரு கப்பலின் வாழ்க்கையை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அந்தக் கப்பலின் பெயர் ‘பிரான்ஸ்’. 1960இல் பிரான்ஸ் நாட்டின் செயிண்ட் நசேர் நகரில் நீரில் இறக்கப்பட்டு, 1962 முதல் லே ஹாவ்ருக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடியது. 316 மீட்டர் நீளம். அன்றைக்கு உலகின் மிக நீளமான பயணிகள் கப்பல் அதுதான். ஆனால் பிறக்கும்போதே அதற்குக் காலம் தவறிவிட்டது. 1958இலேயே அட்லாண்டிக்கின் மேல் ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கியிருந்தன. ஐந்து நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. பிரெஞ்சு அரசு நாட்டின் பெருமைக்காக மானியம் கொடுத்து அதை ஓட்டியது. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும், மறு ஆண்டே மானியம் நின்றது. ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவித்துக் கப்பலைத் தம் வசம் எடுத்துக்கொண்டு போராடியும் பயனில்லை. லே ஹாவ்ரில் ஓர் ஓரமாகக் கட்டி வைத்துவிட்டார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவின் மயாமியில் வேறொரு தொழில் முளைத்துக்கொண்டிருந்தது. 1966இல் நார்வேயைச் சேர்ந்த நட் க்ளோஸ்டரும் இஸ்ரேலில் இருந்து வந்த டெட் ஆரிசனும் சேர்ந்து ‘சன்வர்ட்’ என்ற சிறிய கப்பலை அங்கிருந்து கரீபியன் பக்கம் ஓட்டினார்கள். 1968இல் ராயல் கரீபியன் நிறுவனமும், 1972இல் ஆரிசன் தனியே தொடங்கிய கார்னிவலும் வந்தன. ராயல் கரீபியனின் முதல் கப்பலான ‘சாங் ஆஃப் நார்வே’ சுமார் 18,000 டன்தான். அந்தக் கப்பல்களில் கேபின் என்பது படுத்து எழ ஓர் இடம், அவ்வளவுதான். பகல் முழுவதும் பயணிகள் மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகளில் கிடந்தார்கள், கடலைப் பார்த்தார்கள். கரை வந்தால் இறங்கி ஊரைப் பார்த்தார்கள். கப்பலுக்குள் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாதிருந்ததே அந்தப் பயணத்தின் சிறப்பு என்று நான் நினைக்கிறேன்.

1979இல் க்ளோஸ்டர் ‘பிரான்ஸ்’ கப்பலை வாங்கி, ஜெர்மனியின் பிரேமர்ஹாவனுக்குக் கொண்டுபோய் ‘நார்வே’ என்று மாற்றினார். விரைந்து செல்ல வேண்டிய தேவை இனி இல்லை. எனவே நான்கு சுழலிகளில் இரண்டைக் கழற்றிவிட்டு, முன்பக்க எஞ்சின் அறையை மூடிவிட்டார்கள். எங்கேயோ போய்ச் சேர்வதற்காகக் கட்டிய கப்பல், எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாத கப்பலாயிற்று. 1980இல் மயாமியில் இருந்து அது புறப்பட்டபோது ஒரு சிக்கல் இருந்தது. கரீபியன் தீவுகளின் துறைமுகங்களுக்கு அது மிகப் பெரியது. செயிண்ட் தாமஸ் போன்ற இடங்களில் கரையை ஒட்டி வந்து நிற்க முடியாது. அதற்காகத் தலா 400 பேர் ஏறக்கூடிய இரண்டு படகுகளை முன்தளத்திலேயே தூக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தீவிலும் நங்கூரம் போட்டதும் அவற்றைக் கீழே இறக்கி, மக்களைக் கரைக்கு ஏற்றிச் சென்று, மாலையில் திரும்பக் கொண்டுவந்து, மறுபடியும் தூக்கித் தளத்தில் வைக்க வேண்டும். கரைக்குப் போய்வருவதே இவ்வளவு பெரிய வேலையாக இருந்தால், கப்பலுக்குள்ளேயே ஆட்களை மகிழ்வித்து வைத்திருப்பது வசதிதானே? பிராட்வே பாணி நிகழ்ச்சிகள், கடைத்தெரு, சூதாட்டக் கூடம் எல்லாம் அந்தக் கப்பலில் பெரிய அளவில் வந்தன. கப்பலே சுற்றுலாத் தலம் என்ற எண்ணம் வேரூன்றியது அங்கேதான் என்பது என் கணிப்பு.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அதன் தொடர்ச்சி. 1988இல் ‘சாவரின் ஆஃப் த சீஸ்’ கப்பலின் நடுவில் ஐந்து தள உயரத்துக்கு ஒரு கூடமும் கண்ணாடி லிஃப்ட்டுகளும் வந்தன. 1999இல் வந்த ‘வாயேஜர் ஆஃப் த சீஸ்’ பனிச்சறுக்குத் திடலைக் கொண்டுவந்தது. கப்பலின் வயிற்றுக்குள் ஒரு கடைவீதியையும் அமைத்தது. அந்தக் கடைவீதியைப் பார்த்தபடி ஜன்னல் வைத்த அறைகளும் அதில் இருந்தன. 2009இல் ‘ஓயாசிஸ் ஆஃப் த சீஸ்’ வந்தபோது, திறந்த வானத்தின் கீழே உண்மையான செடிகொடிகளோடு ஒரு பூங்காவையே நடுவில் வைத்து, அதை நோக்கிப் பால்கனிகளைக் கட்டினார்கள். நடுக்கடலில் பால்கனிக் கதவைத் திறந்தால் எதிர் வீட்டுப் பால்கனி தெரியும்! 2014இல், ஜன்னலே இல்லாத உள்ளறைகளில் ஆளுயரத் திரை ஒன்றை வைத்து, வெளியே இருக்கும் கடலைக் கேமரா வழியாகக் காட்டத் தொடங்கினார்கள். அதற்கு ‘மெய்நிகர் பால்கனி’ என்று பெயர். சில அடி தூரத்தில் இருக்கும் கடலைத் திரையில் பார்க்கும் நிலையை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிறது. 2024இல் பயணம் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ ஏறக்குறைய 2,48,000 டன். டைட்டானிக்கைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். 20 தளங்கள், நிறைந்தால் 7,600 பயணிகள்.

சிங்கப்பூரில் இருந்து கிளம்பிய ஒரு பெரிய கப்பலில் நானும் போயிருக்கிறேன். அந்தி நேரத்தில் நீரிணை முழுவதும் சரக்குக் கப்பல்கள் விளக்கேற்றிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் ஓரமாகவும் எங்கள் கப்பல் மெல்ல விலகி விலகிச் சென்றது. உலக வாணிபம் முழுவதும் கண்ணெதிரே வரிசை கட்டி நிற்பதைப் பார்க்க, கம்பியோரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் இருந்தார்கள். உள்ளே தள்ளுபடி விற்பனை தொடங்கிவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குக் காரணம் வெறும் ரசனைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். இன்றைய பெரிய நிறுவனங்களுக்கு வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, பயணிகள் கப்பலுக்குள் செலவழிக்கும் பணத்தில் இருந்து வருகிறது. மது, சூதாட்டம், சிறப்பு உணவகம், இணைய இணைப்பு, கரைச் சுற்றுலா என்று தனித்தனியே வசூல். டிக்கெட்டை மலிவாக விற்றுவிட்டு உள்ளே ஈட்டுவதுதான் கணக்கு. கடலை வேடிக்கை பார்ப்பவரிடம் இருந்து ஒரு காசும் வராது.

பழைய காலத்தைப் பொற்காலம் என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. ‘பிரான்ஸ்’ கப்பலில் முதல் வகுப்புக்காரர்கள் வேறு, மற்றவர்கள் வேறு; உணவுக்கூடமே தனித்தனி. இன்று நடுத்தரக் குடும்பமும் சேமித்துப் போக முடிகிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டியும், ஓடித் திரியும் பேரனும், பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்துவிட்டு நான்கு ஊர்களைப் பார்த்து வரலாம். முதியோருக்கு இதைவிடச் சிரமம் குறைந்த பயணம் வேறில்லை. 1970இல் உலகம் முழுவதும் சுமார் 5 லட்சம் பேர் போன இடத்தில் 2024இல் சுமார் 3.46 கோடிப் பேர் போயிருக்கிறார்கள். இது நல்ல மாற்றம் என்றே சொல்வேன்.

ஆனால் அந்த மலிவு விலையின் ஒரு பகுதியைக் கொடுப்பவர்கள் கீழ்த்தளங்களில் இருக்கிறார்கள். கப்பல்கள் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியோடு ஓடுகின்றன. அதனால் அமெரிக்கத் துறைமுகத்தில் இருந்து கிளம்பினாலும் அமெரிக்கக் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தாது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளின் இளைஞர்கள் பல மாத ஒப்பந்தத்தில், வார விடுமுறை என்பதே இல்லாமல் உழைக்கிறார்கள். 2013இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. மீதி 14 மணி நேரம் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் கொரோனா தொற்றால் 3,711 பேரோடு முடக்கப்பட்டபோது, பயணிகள் அறைகளுக்குள் அடைந்திருக்க, ஊழியர்கள் வாசல் வாசலாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 132 பேர் இந்தியர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

கரையில் உள்ள ஊர்களின் பங்கும் குறைந்துவிட்டது. நிறுவனங்கள் பஹாமாஸில் சொந்தத் தீவுகளை வைத்துக்கொண்டு அங்கேயே கப்பலை நிறுத்துகின்றன. கரையில் குடிக்கும் இளநீரின் காசும் அதே நிறுவனத்துக்குப் போகிறது. மறுபக்கம், பெரிய ஊர்கள் கூட்டம் தாங்காமல் கதவை அடைக்கத் தொடங்கிவிட்டன. வெனிஸ் நகரின் ஜுடெக்கா கால்வாய்க்குள் பெரிய கப்பல்கள் வருவதை 2021இல் தடுத்தார்கள். அலாஸ்காவின் ஜூனோவில் 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள்தான்.

‘நார்வே’ என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2003 மே மாதம் மயாமித் துறைமுகத்தில் அதன் பாய்லர் வெடித்து எட்டு ஊழியர்கள் இறந்தார்கள். பயணிகளோடு அது மறுபடி ஓடவே இல்லை. ‘ப்ளூ லேடி’ என்ற பெயரோடு 2006இல் குஜராத்துக்கு வந்தது. உள்ளே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2007இல் அனுமதி கிடைத்து, அலாங் கடற்கரையில் நம் நாட்டுத் தொழிலாளர்களின் கைகளால் உடைக்கப்பட்டது.

இப்போது நம் கடற்கரைக்கும் இந்தத் தொழில் வந்துவிட்டது. 2022 ஜூனில் சென்னையில் இருந்து புறப்பட்ட ‘எம்ப்ரஸ்’, ‘பிரான்ஸ்’ பிறந்த அதே செயிண்ட் நசேரில் 1990இல் கட்டப்பட்டது. மயாமியில் இருந்து மூன்று நான்கு இரவுப் பயணங்கள் போவதற்கென்றே வடிவமைத்தது. 2023இல் அது காங்கேசன்துறை வரை போய்வந்தது. ஒன்றிய அரசும் 2024 செப்டம்பரில் ‘குரூஸ் பாரத்’ திட்டத்தைத் தொடங்கி, கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை 2029க்குள் இரட்டிப்பாக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைத்தால் மயாமி போன வழியில்தான் நாமும் போவோம். பாண்டிச்சேரி, நாகப்பட்டினம், காங்கேசன்துறை, திருகோணமலை போன்ற ஊர்களுக்குப் பொருந்துகிற சிறிய கப்பல்களுக்குத் துறைமுகக் கட்டணத்தில் சலுகை கொடுக்கலாம். ஓர் ஊரில் இரவு தங்கி மறுநாள் கிளம்பும் பயணங்களுக்கு முன்னுரிமை தரலாம். அப்போதுதான் அந்த ஊரின் ஆட்டோக்காரருக்கும் மெஸ் நடத்துபவருக்கும் நான்கு காசு போகும். ஊழியர் ஊதியத்தை உரிமம் வழங்கும்போதே நிபந்தனையாக வைக்கலாம். அடுத்த கப்பலுக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்பே இவற்றை எழுத்தில் வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.