ரெண்டு சீட்டு, ஒரு பெட்டி

மலர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தேர்தல் நேரம் என்பதால் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது. நாளையிலிருந்து வீடு வீடாகப் போகவேண்டும். அதற்கு முன் ஓர் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று சித்தப்பா வீட்டுக்கு வந்திருக்கிறாள். கையில் கேள்வித்தாள். கக்கத்தில் ஒரு பழைய செருப்புப் பெட்டி. மூடியில் பிளேடால் கீறிய துளை. சித்தியிடம் கேட்டு முடித்தாயிற்று, ஆறே நிமிடம். அடுத்தது சித்தப்பா.

(சின்னங்களின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவரவருக்குப் பிடிக்காத சின்னத்தை அந்தந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளலாம்.)

மலர்: ஆரம்பிக்கலாமா சித்தப்பா? மொத்தம் பன்னெண்டு கேள்வி. பத்து நிமிஷத்துக்கு மேல ஆகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.

சித்தப்பா: யாரு?

மலர்: கம்பெனியில.

சித்தப்பா: கம்பெனிக்கு யாரு காசு குடுக்கறது?

மலர்: அது என் ஃபாரத்துல இல்ல.

சித்தப்பா: அதுதாம்மா முதல் கேள்வியா இருக்கணும். சரி, கேளு.

மலர்: வர்ற தேர்தல்ல ஓட்டுப் போடுவீங்களா? ‘கட்டாயம்’, ‘அநேகமா’, ‘சந்தேகம்’, ‘மாட்டேன்’. இதுல ஒண்ணு சொல்லுங்க.

சித்தப்பா: (நெஞ்சை நிமிர்த்தி) கட்டாயம்! ஜனநாயகக் கடமை. கொட்டை எழுத்துல போட்டுக்கோ.

மலர்: டிக் மட்டும்தான் போடமுடியும். அடுத்தது, இந்தச் சீட்டைப் பிடிங்க. பேர் எழுத வேண்டாம். யாருக்குப் போடுவீங்களோ அந்தச் சின்னத்துக்கு நேரா டிக் பண்ணி, மடிச்சு, பெட்டிக்குள்ள போட்டுடுங்க. நான் பார்க்கமாட்டேன்.

(சித்தப்பா சீட்டை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்க்கிறார். மோந்து பார்க்கிறார்.)

மலர்: அதுல ஒண்ணும் இல்ல சித்தப்பா. வெறும் ஜெராக்ஸ்.

சித்தப்பா: அப்படித்தான் சொல்லுவீங்க.

(மூலைக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வெகுநேரம் கழித்து எதையோ போடுகிறார். எட்டாக மடித்த சீட்டு துளைக்குள் நுழைய மறுக்கிறது. பென்சிலால் குத்தித் தள்ளுகிறார்.)

மலர்: இதுக்கே நாலு நிமிஷம் போச்சு. அடுத்தது, கருத்துக்கணிப்புகளை நம்பறீங்களா?

சித்தப்பா: துளியும் கிடையாது.

மலர்: ஏன்?

சித்தப்பா: ஏனா? 2004ல வாஜ்பாய் ஆட்சி திரும்ப வரும்னு சொன்னாங்க. வந்தது மன்மோகன் சிங். 2016ல நம்ம சட்டமன்றத் தேர்தலப்போ, ஓட்டுப் போட்டுட்டு வந்தவங்ககிட்டயே கேட்டுட்டுப் பெரும்பாலான டிவியில தி.மு.க.ன்னாங்க. ஜெயிச்சது ஜெயலலிதா. 2024ல பா.ஜ.க. கூட்டணிக்கு 350, 400னு ஏலம் விட்டாங்க. பெட்டியத் திறந்தா 293. இப்படி இருந்தா எவன் நம்புவான்?

மலர்: 2019ல யார் ஜெயிப்பாங்கன்னு சரியாத்தானே சொன்னாங்க?

சித்தப்பா: நின்னுபோன கடிகாரமும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சரியா மணி காட்டும். அதுக்காக அதைப் பார்த்து பஸ் பிடிக்கமுடியுமா? அதை விடு. கோடிக்கணக்கான பேர் ஓட்டுப் போடற ஊர்ல ஆயிரம் பேரைக் கேட்டா என்ன தெரியும்?

மலர்: ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நீங்கதானே சொல்வீங்க? ஒழுங்காப் பொறுக்கி எடுத்தா ஆயிரம் பேர் போதும் சித்தப்பா. மூணு சதவீதம் இந்தப் பக்கம், மூணு சதவீதம் அந்தப் பக்கம், அவ்வளவுதான் தப்பும். பானை எவ்வளவு பெருசுங்கறது கணக்கே இல்ல. நல்லாக் கிளறி விட்டு எடுக்கணும், அதான் முக்கியம்.

சித்தப்பா: மேலாப்ல எடுத்தா?

மலர்: அப்படி எடுத்து மண்ணைக் கவ்வினவங்க உண்டு. 1936ல அமெரிக்காவுல ‘லிட்டரரி டைஜஸ்ட்’னு ஒரு பத்திரிகை, ஒரு கோடி பேருக்குக் கார்டு அனுப்பிச்சுது. 24 லட்சம் பேர் பதில் போட்டாங்க. அப்போ ஜனாதிபதியா இருந்த ரூஸ்வெல்ட் தோத்துடுவார்னு அடிச்சுச் சொன்னாங்க. அவர் 48 மாநிலத்துல 46ல ஜெயிச்சார். முகவரியெல்லாம் எங்கேர்ந்து எடுத்தாங்க தெரியுமா? டெலிபோன் புக், கார் வச்சிருக்கறவங்க பட்டியல். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்துல போனும் காரும் வச்சிருந்தவன் யாரு? அதே தேர்தல்ல காலப்னு ஒருத்தர், சுமார் 50,000 பேரை மட்டும் பார்த்துப் பொறுக்கிக் கேட்டு, சரியா சொல்லிட்டார்.

சித்தப்பா: அந்தப் பத்திரிகை என்னாச்சு?

மலர்: ரெண்டு வருஷத்துல மூடிட்டாங்க.

சித்தப்பா: பாரு, மானஸ்தன். நம்ம ஆளுங்க அடுத்த தேர்தலுக்கு அதே கோட்டு போட்டுக்கிட்டு அதே நாற்காலியில வந்து உட்கார்றாங்க. (யோசித்து) ஆனா மலரு, உன் சோத்துக் கதையில ஒரு ஓட்டை இருக்கு.

மலர்: என்ன?

சித்தப்பா: சோத்தை எடுத்து நசுக்கிப் பார்த்தா வெந்துச்சா இல்லையான்னு தெரிஞ்சுடும். அது பேசாது. மனுஷன் பேசுவானே! வேகாதவன் ‘நான் நல்லா வெந்துட்டேன் சார்’னு சொன்னா என்ன பண்ணுவே?

மலர்: எதுக்குப் பொய் சொல்லணும்?

சித்தப்பா: எதுக்குச் சொல்லக்கூடாது? எவனோ வாசல்ல வந்து நிக்கறான். கையில டேப்லெட். என் பேரு, வயசு, சாதி, சம்பளம், யாருக்கு ஓட்டுன்னு கேக்கறான். அவன் எந்தக் கட்சிக்காரன்னு எனக்குத் தெரியுமா? போன தடவை மூணு பேர் வந்தானுங்க. முதல் ஆளு சட்டைப் பையில ஒரு தலைவர் படம் தெரிஞ்சுது, அவர் கட்சியச் சொன்னேன். ரெண்டாவது ஆளு வெயில்ல வாடி வந்தான், பார்க்கவே பாவமா இருந்துச்சு. உனக்கு எது வேணும்னு கேட்டு அதையே சொன்னேன்.

மலர்: அய்யோ! மூணாவது ஆளு?

சித்தப்பா: அவன்கிட்ட ‘இன்னும் முடிவு பண்ணலை’ன்னேன். டிவியில ‘முடிவு செய்யாதோர்’னு கொஞ்சூண்டு காட்டினாங்கல்ல? (பெருமையாக) அது நான்தான்.

மலர்: இப்படிப் பண்ணிட்டு, கணிப்பு தப்பா வருதுன்னு நீங்களே திட்டறீங்க!

சித்தப்பா: நான் ஒருத்தன் பொய் சொன்னாத் தப்பாப் போற கணக்கு என்ன கணக்கு?

மலர்: எல்லா வீட்டுலயும் ஒரு சித்தப்பா இருக்காரே. சரி, நாலாவது கேள்வி. போன தேர்தல்ல ஓட்டுப் போட்டீங்களா?

சித்தப்பா: போடாம? முதல் ஆளா!

மலர்: எந்த விரல்ல மை வச்சாங்க?

சித்தப்பா: (கையைப் பார்க்கிறார். புரட்டிப் பார்க்கிறார்.) இந்த... வலது கை... கட்டை விரல்.

மலர்: இடது கை ஆட்காட்டி விரல் சித்தப்பா.

சித்தப்பா: எனக்கு வலது கைப் பழக்கம். அதைப் பார்த்து வச்சிருப்பாங்க.

மலர்: சித்தப்பா...

சித்தப்பா: (குரலைத் தாழ்த்தி) உங்க சித்திக்குத் தெரியவேண்டாம். அவ காலையிலயே போய்ப் போட்டுட்டு வந்துட்டா. நான் சாயங்காலம் போறேன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டேன்.

மலர்: ஓட்டுப் போடறதுக்குன்னுதானே சம்பளத்தோட லீவு விடறாங்க?

சித்தப்பா: லீவு விடணும்னு சட்டம் இருக்கு. தூங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?

மலர்: யாரையும் பிடிக்கலைன்னா நோட்டா இருக்கே, 2013லேர்ந்து.

சித்தப்பா: அதுக்கும் எந்திரிச்சுப் போகணும்ல? பிடிக்காம இல்லம்மா. பிடிச்ச கட்சிதான். அந்தக் கருத்துக்கணிப்பு பண்ண வேலை! நம்ம ஆளுங்க அமோகமா ஜெயிப்பாங்கன்னு எல்லா டிவியிலயும் சொன்னான். அமோகமா ஜெயிக்கறவனுக்கு என் ஓட்டு எதுக்கு? ரொம்பின குடத்துல மேலும் ஒரு செம்பு ஊத்தற மாதிரி. அப்படியே சாஞ்சேன். கண் முழிச்சா மணி ஏழு.

மலர்: ரிசல்ட்?

சித்தப்பா: (சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை) அன்னிலேர்ந்துதான் நான் கருத்துக்கணிப்பை நம்பறதில்லை.

மலர்: அப்போ ஒருநாள் நம்பியிருக்கீங்க!

சித்தப்பா: அந்த ஒருநாள்தான் தப்பு.

மலர்: தப்பு அவங்களோடது இல்ல சித்தப்பா. 2024ல நாடு முழுக்க ஓட்டு 65.79 சதவீதம். நூறு பேர்ல முப்பத்து நாலு பேர் போகவே இல்ல. நாங்க நூறு பேர்கிட்டயும் கேக்கறோம், நூறு பேரும் உங்களை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி ‘கட்டாயம்’னு சொல்றாங்க. கேட்டதுல நீங்க இருக்கீங்க, போட்டதுல இல்ல. கணக்கு எப்படி உதைக்காம இருக்கும்?

சித்தப்பா: அந்த முப்பத்து நாலுல எங்க அப்பாவும் இருக்கார், சேர்த்துக்கோ.

மலர்: தாத்தா போய் ஒன்பது வருஷம் ஆச்சே?

சித்தப்பா: பட்டியல்ல பேர் இருக்கே. எனக்கு மேல, வரிசை எண்ணோட.

மலர்: படிவம் 7 எழுதிக் குடுத்தா எடுத்துடுவாங்க. நீங்க குடுக்கலையா?

சித்தப்பா: எடுத்து வச்சேன். கையெழுத்துப் போட மனசு வரலை. எழுத்துல இருக்கற ஒரே இடம் அதுதான். இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்.

மலர்: (மெதுவாக) அது சரி. ஆனா அவர் வரலைன்னாலும் நீங்க வரலைன்னாலும் சதவீதக் கணக்குல ஒண்ணுதான் சித்தப்பா.

(இந்த இடத்தில் சித்தப்பா தண்ணீர் கேட்கிறார். மலர் கொண்டுவந்து தருகிறாள். குடிக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறார்.)

சித்தப்பா: சரி, என் ஒரு ஓட்டால என்ன ஆகிடப் போகுது?

மலர்: 2004ல கர்நாடகாவுல சந்தேமரஹள்ளின்னு ஒரு தொகுதி. 40,751 ஓட்டு வாங்கினவர் தோத்தார். 40,752 வாங்கினவர் ஜெயிச்சார். 2008ல ராஜஸ்தான்ல நாத்துவாராவுல சி.பி. ஜோஷி. மாநில காங்கிரஸ் தலைவர், முதலமைச்சர் ஆவார்னு பேசிக்கிட்டிருந்தாங்க. அவரும் ஒரே ஓட்டுலதான் தோத்தார்.

சித்தப்பா: ஒரே ஒரு ஓட்டா? அந்த ஓட்டு எவன் வீட்டுல குறட்டை விட்டுச்சோ!

மலர்: உங்களை மாதிரி ஒரு நல்லவர் வீட்டுலதான்.

சித்தப்பா: என்னை விடு. இந்த வீட்டு ஓட்டு எப்பவும் வீணாப் போறதில்ல, உங்க சித்தி போட்டுடறா. நான் போடலைன்னாலும் என் கட்சிக்கு ஒரு ஓட்டு விழுந்துடுது. முப்பது வருஷமா ரெண்டு பேருக்கும் ஒரே சின்னம். நான் பண்ற கணிப்பு இதுதாம்மா, நூத்துக்கு நூறு. பிசகே கிடையாது.

மலர்: கேட்டிருக்கீங்களா?

சித்தப்பா: கேக்கணுமா என்ன? நான் டிவி பார்த்துத் திட்டறப்போ எல்லாம் தலையாட்டுவா.

மலர்: அது ‘சத்தத்தைக் குறைங்க’ன்னு ஆட்டியிருக்கலாம்.

(சித்தப்பாவின் பார்வை செருப்புப் பெட்டியின் மேல் விழுகிறது.)

சித்தப்பா: இதுக்குள்ள அவ சீட்டும் இருக்குல்ல?

மலர்: தொடக்கூடாது! ரகசிய வாக்கு.

சித்தப்பா: ஒத்திகைதானே! நாளைக்கு ஊர்ல நூறு சீட்டு சேர்ந்தா ரகசியம். இப்போ இருக்கறதே ரெண்டு. இதுல என்ன ரகசியம்? என் கணிப்பு சரியா தப்பான்னு பார்க்கவேண்டாமா? குடு இங்க.

(இழுபறி. வயதில் மூத்தவர் ஜெயிக்கிறார். மூடி பறக்கிறது. எட்டாக மடித்த சீட்டு ஒன்று, ஒரே மடிப்பாக ஒன்று. ரெண்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். முகம் மாறுகிறது.)

மலர்: என்ன சித்தப்பா? ரெண்டும் ஒரே சின்னம்தானே! நீங்க சொன்ன மாதிரியே நூத்துக்கு நூறு! நானே அசந்துட்டேன்.

சித்தப்பா: அது இல்லம்மா...

மலர்: பின்னே?

சித்தப்பா: (எச்சில் விழுங்கி) நான் டிக் பண்ணது எதிர்க்கட்சிக்கு. உன் கம்பெனியைக் குழப்பறதுக்காக.

(நீண்ட அமைதி. உள்ளே சித்தி பாத்திரம் அடுக்கும் சத்தம்.)

மலர்: அப்போ சித்தி...

சித்தப்பா: முப்பது வருஷமா!

மலர்: இருங்க, பதறாதீங்க. சித்தியும் உங்களை மாதிரியே பொய்யா டிக் பண்ணியிருக்கலாம்ல? முப்பது வருஷம் உங்ககூட இருந்திருக்காங்க.

சித்தப்பா: (நம்பிக்கை துளிர்க்க) இருக்கலாம், இல்ல?

மலர்: போய்க் கேட்டுடுங்களேன்.

சித்தப்பா: கேட்டா நிஜம் சொல்வாளா?

மலர்: எங்க கம்பெனிக்கும் அதே பிரச்சினைதான் சித்தப்பா. மாதிரி ரெண்டு பேர், நூறு சதவீதம் ஒரே கட்சி, ஒருத்தர் பொய்யர், இன்னொருத்தர் தெரியாது. இதை நான் எப்படி எழுதறது?

சித்தப்பா: (கேள்வித்தாளை வாங்கிப் பார்த்து) முதல் கேள்விக்கு என்ன போட்டே?

மலர்: ‘கட்டாயம்’தான். மை விஷயம் வெளிய வந்ததும் அடிச்சுட்டு ‘சந்தேகம்’னு மாத்திட்டேன்.

சித்தப்பா: திரும்ப மாத்து. ‘கட்டாயம்’னே போடு.

மலர்: எந்த ‘கட்டாயம்’? முதல்ல சொன்னதா?

சித்தப்பா: அது பொய். இது நிஜம். அவ அந்தச் சின்னத்துக்குத்தான் போடறான்னா, அதை அடிக்க இந்த வீட்டுல எதிர் ஓட்டு ஒண்ணு விழவேண்டாமா? முப்பது வருஷம் போச்சு, இந்தத் தடவையாவது.

மலர்: சித்தி சும்மா பொய் சொல்லியிருந்தா?

சித்தப்பா: அப்போ ரெண்டு ஓட்டாச்சு. லாபம்தானே!

மலர்: பத்து நிமிஷத்துல முடிக்கச் சொன்னாங்க, ஐம்பது நிமிஷம் ஆச்சு. இன்னும் எட்டு கேள்வி பாக்கி.

சித்தப்பா: இரு, இரு. (எழுந்து உள்பக்கம் போகிறார். வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமுகிறார். கேட்க வாய் திறக்கிறார், மூடுகிறார். மறுபடி திறக்கிறார்.) ஏம்மா... வந்து... என் வாக்காளர் அட்டையை எங்க வச்சிருக்கே?