கடிக்காத ரத்தக்காட்டேரி

பேய்த் தொடரில் வில்லனைப் பார்த்துப் பரிதாபம் வந்துவிட்டால் அந்தக் கதை தோற்றுப்போனது என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) அடித்துச் சொன்னார். பயம் வரணும், அவ்வளவுதான், பரிதாபம் எதுக்கு என்பது அவர் கட்சி. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. பேய்க்கதை எழுதுகிறவர் செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியமே அந்தப் பரிதாபத்தை வரவைப்பதுதான். அதை எப்படி வரவைக்கிறார் என்பதுதான் கேள்வி.

'சூப்பர்நேச்சுரல்' என்றொரு அமெரிக்கத் தொடர், 2005-இல் தொடங்கி 2020 வரை 15 சீசன் ஓடியது. டீன், சாம் என்று அண்ணனும் தம்பியும் காரில் ஊர் ஊராகப் போய்ப் பேய் பிசாசுகளை வேட்டையாடுவார்கள். இரண்டாவது சீசனின் மூன்றாவது எபிசோட் 'பிளட்லஸ்ட்', 2006 அக்டோபரில் வந்தது. மொன்டானாவில் ஒரு சின்ன ஊர். அங்கே மாடுகள் ரத்தம் வற்றிச் செத்துக் கிடக்கின்றன. மனிதரைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து மாட்டு ரத்தத்தில் உயிர் வாழும் ரத்தக்காட்டேரிக் கூட்டம் ஒன்று பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. அதற்குத் தலைவி லெனோர். அவர்களைத் தேடி கோர்டன் என்ற வேட்டைக்காரன் ஏற்கெனவே வந்து இறங்கியிருக்கிறான். ரத்தக்காட்டேரி என்றால் தலையை வெட்டணும், அதற்கு மேல் அவனிடம் விசாரணை கிடையாது.

அந்த எபிசோடின் உயிர் ஒரே காட்சியில் இருக்கிறது. லெனோரை நாற்காலியில் கட்டிப்போட்டு, செத்தவரின் ரத்தத்தில் தோய்த்த கத்தியால் அறுக்கிறான் கோர்டன். அந்த ரத்தம் அவர்களுக்கு விஷம். சாம் தடுக்க வருகிறான். கோர்டன் அவனைப் பிடித்துக் கையைக் கீறி, வழிகிற ரத்தத்தை லெனோரின் முகத்தில் சொட்டவிடுகிறான். இவள் யாரென்று இப்போது தெரிந்துவிடும் என்பது அவன் கணக்கு. லெனோரின் பல் நீள்கிறது. உடம்பு முழுக்க அந்த ரத்தத்துக்குத் தவிக்கிறது. வேண்டாம், வேண்டாம் என்று முனகியபடியே பல்லை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். சாம் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறான்.

இதில் முன்கதை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். லெனோரை யார் கடித்தார்கள், அதற்கு முன்னால் அவள் என்ன வாழ்க்கை வாழ்ந்தாள், நமக்குச் சொல்லவே இல்லை. நம் பேய்ப் படங்களிலும் தொடர்களிலும் இது தலைகீழ். முக்கால்வாசி நேரம் பேயாக வரும் பெண் எல்லாரையும் கொன்று தீர்ப்பாள். கடைசியில் பத்து நிமிஷம் சோகப் பாட்டோடு ஃபிளாஷ்பேக் வரும். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சாமியார் வந்து அவளைக் குடத்தில் அடைத்துவிடுவார். அந்தப் பரிதாபத்தால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. லெனோருக்கோ ஒரு முடிவெடுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் நம் கண் முன்னாலேயே. நாம் அழுவது அவளுக்கு நடந்ததற்காக மட்டும் இல்லை, அவள் செய்ததற்காகவும்தான்.

கோர்டனும் சும்மா ஒரு கொடூரன் கிடையாது. கூடப் பிறந்தவளை ரத்தக்காட்டேரி கொன்றுவிட்டது என்று முதலில் டீனிடம் சொல்கிறான். உண்மை பிறகு வருகிறது. அவள் சாகவில்லை, அவளும் ரத்தக்காட்டேரியாக மாறிவிட்டாள், கொன்றது இவன்தான். நான் அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். லெனோர் மாதிரி ஒருத்தி நல்லவளாக இருக்க முடியும் என்று இவன் ஒப்புக்கொண்டால், தன் கூடப் பிறந்தவளுக்கு என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டிவரும். அதைத் தாங்க அவனுக்குத் தெம்பில்லை. எனக்கு அவன்மேலும் பரிதாபம்தான். ஆனால் அந்தப் பரிதாபத்துக்காகக் கத்தியை அவன் கையில் விட்டுவைக்க முடியாது. கடைசியில் டீன் அவனையே ஒரு நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்டுக் கிளம்புகிறான்.

இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கீழக்கரையில் வளர்ந்த எங்களுக்கு உம்மாமார் சின்ன வயதிலேயே சொன்னதுதான்: ஜின்களிலும் நல்லவர்கள் உண்டு, கெட்டவர்களும் உண்டு. குர்ஆனிலேயே ஜின்கள் தங்களைப் பற்றி அப்படிச் சொல்கிற வசனம் இருக்கிறது. பழையனூர் நீலி கதையையும் பாருங்கள். கணவன் கையால் செத்தவள் பேயாக வந்து பழி தீர்க்கிறாள். அவளை நம்பி வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். அந்தக் கதையைக் கேட்கும்போது நீலிக்காகவும் மனசு பதறும், அந்த எழுபது பேருக்காகவும் பதறும்.

அப்புறம் ஏர்வாடி, மனநோயாளிகளைக் குணமாக்கக் கூட்டிவரும் தர்கா இருக்கிற ஊர். நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணமே அதுதான். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில், தர்காவைச் சுற்றி இருந்த தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் நோயாளிகள், யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாதவர்கள், ரத்தக்காட்டேரியோடு அவர்களை ஒப்பிடவே கூடாது. நான் பேசுவது கட்டிப்போட்டவர்களின் பார்வையைப் பற்றி. ஷைத்தான் பிடித்திருக்கு, காத்து கருப்பு அடிச்சிருக்கு, செய்வினை என்று ஒரு பேரை வைத்துவிட்டால், அதற்கு அப்புறம் உள்ளே இருக்கிற ஆளை யாரும் பார்ப்பதில்லை. அவர் சோறு கேட்டாலும் பேய் கேட்கிறது, அழுதாலும் பேய் அழுகிறது. இத்தனைக்கும் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. கையில் காசில்லாமல், கிட்டத்தில் ஒரு மனநல மருத்துவர் இல்லாமல், வருஷக்கணக்காகத் தூக்கம் கெட்டுச் சோர்ந்துபோனவர்கள். அவர்களுக்காக நான் துஆ செய்வேன், இறைவனிடம் வேண்டுவேன். சங்கிலிக்கு மட்டும் என்னிடம் மன்னிப்பு கிடையாது. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலி கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏர்வாடியில் மருந்தும் துஆவும் சேர்ந்தே கிடைக்கட்டும் என்று 'தவா-துவா' திட்டமும் வந்தது. நல்ல காரியம்.

தனுஷ்கோடி விஷயமும் எனக்கு ஆறவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் ஊரும் ரயிலும் கடலோடு போயின. இன்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இடிந்த சர்ச் முன்னால் நின்று 'பேய் நகரம்' என்று வீடியோ போடுகிறார்கள். அங்கே செத்தவர்களின் சொந்தக்காரர்கள் இன்றும் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் இருக்கிறார்கள். தனுஷ்கோடியிலேயே குடிசை போட்டு மீன்பிடித்துக்கொண்டு குடும்பங்கள் இருக்கின்றன. செத்த ஒரே காரணத்துக்காக அந்த மக்களை மிரட்டும் பேயாக்குவது அநியாயம்.

'சூப்பர்நேச்சுரல்' கடைசிவரை ஒழுங்காக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஆறாவது சீசனில் லெனோரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பேய்களுக்கெல்லாம் தாயான ஒருத்தி அழைக்கிறாள், அந்தக் குரலை மீற முடியாமல் லெனோர் ஒரு சின்னப் பெண்ணைக் கொன்றுவிட்டு, தன்னையும் கொன்றுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். கொன்றும் விடுகிறார்கள். அத்தனை வலியிலும் தன்னைக் கட்டுப்படுத்திக்காட்டியவளிடமிருந்து அந்த ஒன்றையும் பறித்தார்கள். எனக்கு அந்த எபிசோடை மன்னிக்கவே மனசு வரவில்லை.

15 சீசனையும் பார்க்க நேரமில்லாதவர்கள் 'பிளட்லஸ்ட்' ஒன்றை மட்டுமாவது பாருங்கள். அண்ணன் தம்பிக்கு அப்பா அண்மையில்தான் இறந்தார் என்பது தெரிந்தால் போதும், மற்றது புரிந்துவிடும். ரத்தம் நிறைய வரும், அதனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள். காக்காவுக்கும் சொல்லியிருக்கிறேன், அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதாகச் சம்மதித்திருக்கிறார்.