காகத்தைப் பையில் போட்டுக் கொழுவியவர்களுக்கு

நேற்றுப் பின்னேரம் நான் போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். முன்பள்ளி கேற்றில் சொப்பிங் பைக்குள் தலைகீழாகத் தொங்கியது அந்தப் பிள்ளைகளுக்கென்று நான் தைத்துக் கொடுத்த காகப் பொம்மைதான். கூடவே ஒரு துண்டு: "கிளி இல்லாட்டி மயில் இருந்தால் தாங்கோ." இரவு முழுக்க உங்கள் மறுமொழிகளை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுத முடியவில்லை. எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை தன் முற்றத்தில் நிற்கிற பறவையை முதலில் அறியட்டும்.

போன மாதம் கலைவிழா உடுப்புக்கு அளவெடுக்க அந்த முன்பள்ளிக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் காகத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தாளிலும் காகம் சொண்டிலிருந்து வால் வரை ஒரே கறுப்பு. கழுத்து என்ன நிறம் என்று கேட்டேன். "கறுப்பு" என்று எல்லோரும் கத்தினார்கள். ரீச்சரும் அதையேதான் சொன்னார். யன்னலுக்கு வெளியே மதிலில் காகம் ஒன்று இருந்தது. காட்டினேன். பிடரி, கழுத்து, நெஞ்செல்லாம் சாம்பல். முழுக்கக் கறுப்பாக, சொண்டு தடித்து நிற்பது அண்டங்காகம், அது வேறு இனம். பிள்ளைகள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு புதினமாகப் பார்த்தார்கள். தினமும் தங்கள் பிஸ்கற்றைப் பறிக்கிற பறவையின் கழுத்தை அன்றைக்குத்தான் கண்டார்கள்.

அன்று இரவே துணி வெட்டத் தொடங்கினேன். உடம்புக்குக் கறுப்புச் சற்றின், ஏனென்றால் காகத்தின் கறுப்பு வெயிலில் ஊதாவும் பச்சையுமாக மினுங்கும். கழுத்துக்கு இவரின் பழைய சாம்பல் காற்சட்டை. உள்ளே இலவம் பஞ்சு. சின்னப் பிள்ளைகள் வாயில் வைப்பார்கள் என்பதால் கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலாலேயே தைத்தேன். கூட ஒரு துணிக்கூடு, அதற்குள் நாலு முட்டை. மூன்று காகத்தினுடையது, நீலம் கலந்த பச்சையில் மண்ணிறப் புள்ளி. நாலாவது கொஞ்சம் சின்னது, குயிலுடையது. குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காகம் அடைகாத்துத் தீத்தி வளர்க்கும் என்பதைச் சொல்லிக் காட்டத்தான் அந்த நாலாவது முட்டை. பிள்ளைகள் மூன்று நாள் அந்தக் கூட்டை விட்டு நகரவில்லை என்று ரீச்சரே எனக்குச் சொன்னார். நாலாம் நாள் காகம் பைக்குள் தொங்கியது.

சரி, உங்கள் நியாயங்களுக்கு வருகிறேன்.

சனீஸ்வரனின் வாகனத்தைப் பிள்ளையின் மடியில் வைக்கலாமா என்று பலபேர் கேட்டிருக்கிறீர்கள். வைரவரின் வாகனம் நாய். நாய்ப் பொம்மை இல்லாத வீடு நம் ஊரில் எது? பிள்ளையாரின் வாகனம் எலி. எலிப் பொம்மையை ஆராவது பையில் போட்டுக் கொழுவினார்களா? புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, சமைத்த சோற்றை முதலில் ஆருக்கு வைக்கிறீர்கள்? ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகிவந்து, காத்தோட்டிக்காய்க் கறியோடு படைத்துவிட்டு, மதிலடியில் நின்று தொண்டை நோகக் கூப்பிடுகிறீர்களே, ஆரை? அது வந்து வாய் வைக்கும்வரை வீட்டில் ஒருவரும் சாப்பிடுவதில்லை. அப்பா வந்திட்டார் என்று கண் கலங்குவதும் அந்தக் காகத்தைப் பார்த்துத்தான். அதே காகம் துணியில் வந்தால் எப்படி அபசகுனம் ஆகிறது? எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

குப்பை கிளறும், கோழிக்குஞ்சைத் தூக்கும் என்றார் ஒருவர். ஓம், தூக்கும். எங்கள் வீட்டிலும் தூக்கியிருக்கிறது. குப்பையை வீதியில் கொட்டுவது ஆர் என்பதை மட்டும் யோசியுங்கள்.

இன்னொருவர், பெயர் சொல்லவில்லை, "பொம்மை விக்கத்தானே இவ்வளவு கதை" என்று எழுதியிருந்தார். நான் தையல்காரி. தைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் இந்தக் காகத்துக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. இரண்டு இரவு நித்திரை முழித்துத் தைத்தது. அந்த மறுமொழியை வாசித்தபோது நெஞ்சு நொந்தது.

"காகத்தை நாளும் பொழுதும் பார்க்கிற பிள்ளைக்கு ஏன் பொம்மை" என்ற கேள்வி மட்டும் நியாயமான கேள்வி. ஆனால் பார்க்கிற பிள்ளைக்கு ஏன் கழுத்தின் நிறம் தெரியவில்லை? பறக்கிற பறவையைக் கையில் எடுத்துத் தடவ முடியாது. பொம்மையைத் தடவலாம், பிறகு வெளியே போய் மதிலில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். திரும்பவும் அதையேதான் சொல்கிறேன், முற்றத்துப் பறவையை முதலில் அறியட்டும்.

காகத்தைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டால், அதற்கு அம்மம்மாதான் காரணம். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியது, சனத்துக்குள் அம்மாவின் கையைத் தவறவிட்டது, இதெல்லாம் உங்கள் வீடுகளிலும் இருக்கிற கதை. கொடிகாமத்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் தங்கினோம். அடுத்த அமாவாசை வந்தது. நிவாரண அரிசியில் எங்களுக்கே அரை வயிறு. அம்மம்மா தன் பங்கிலிருந்து ஒரு பிடி எடுத்து, பூவரசம் இலையில் வைத்துக் கூப்பிட்டார். ஒரு காகம் வந்தது. "எங்கட வளவுக் காகம், தேடி வந்திட்டுது" என்றார். நான் நம்பினேன். அந்த மூன்று கிழமையில் அம்மம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அது எங்கள் வளவுக் காகமாக இருந்திருக்காது, தெரியும். ஆனால் காகம் முகத்தை மறக்காது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து, பிறகு பறக்க விட்டார்கள். பல வருடம் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் அங்குள்ள காகங்கள் கூட்டமாகக் கத்தித் துரத்தின. இதை ஒரு பிள்ளைக்குச் சொன்னால் அந்தப் பிள்ளை காகத்துக்குக் கல்லெறியுமா?

இப்போது எனக்கு உண்மையில் நொந்த இடத்தைச் சொல்கிறேன்.

போன வருடம் ரொறொன்ரோவிலிருந்து வந்த மச்சாள் என் மகளுக்கு ஒரு நீலப் பறவைப் பொம்மை கொண்டுவந்தாள். புளூ ஜே. வயிற்றை அழுத்தினால் அதன் உண்மையான குரல் கேட்கும். அங்கே அது எங்கள் காகம் மாதிரி வீட்டு முற்றத்துக்கு வருகிற பறவை. மகள் அதை இதே முன்பள்ளிக்குக் கொண்டுபோனாள். எல்லோரும் மடியில் வைத்து விளையாடினார்கள், ரீச்சர்மார் படம் எடுத்தார்கள், தாய்மார் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்கள். புளூ ஜேயும் காகக் குடும்பம்தான். அது மற்றப் பறவையின் முட்டையைக் குடிப்பதும் உண்டு. அதன் இறகில் நீலச் சாயம்கூட இல்லை, வெளிச்சம் சிதறுவதால்தான் நீலமாகத் தெரிகிறது, இறகை நசித்தால் மண்ணிறம். ஒரே குடும்பத்துப் பறவைகள் இரண்டில் நீலமாகத் தெரிந்ததைக் கட்டிப்பிடித்தோம், கறுப்பைப் பையில் போட்டுக் கொழுவினோம். சனீஸ்வரனை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்?

என் மகள் கறுப்பு. முன்பள்ளிக்குப் போன முதல் மாதமே ஒரு பிள்ளை அவளைக் "காகம்" என்று கூப்பிட்டிருக்கிறது. அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை, நாலு வயதுப் பிள்ளை வீட்டில் கேட்பதைத்தான் வெளியில் சொல்லும். அன்று பின்னேரம் இவள் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து முகம், கை, கால் எல்லாம் பூசிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். "வெள்ளையா வந்திட்டேனா அம்மா?" என்று கேட்டாள். நேற்றுப் படம் போடும்போது இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். "கறுப்புப் பொம்மையைப் பார்த்தால் பிள்ளைகள் பயப்படுவார்கள்" என்று ஒரு தாய் எழுதியதை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எந்தப் பிள்ளை பயந்தது? மூன்று நாளும் பிள்ளைகள் அதைக் கீழே வைக்கவில்லையே. பயந்தது நீங்கள்.

ரீச்சரை ஒருவரும் ஏசவேண்டாம். அவருக்கு மேலிருந்து சொல்லியிருப்பார்கள், அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை. பையை என் கையில் தந்திருக்கலாம், அவ்வளவுதான் என் மனக்குறை.

நேற்று இரவு காகத்தைப் பையிலிருந்து எடுத்தது மகள்தான். கழுத்தைத் தடவிப் பார்த்து, "இது சாம்பல்" என்றாள். முட்டைகளை எண்ணினாள். நாலும் இருந்தன. கூட்டோடு தலகணிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அடுத்ததாகப் புலுனிக் குருவி தைக்கப் போகிறேன். புலுனி தனியே திரியாது, அதனால் ஏழெட்டாவது தைக்கவேண்டும். மண்ணிறத் துணி மிச்சமாக வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், கொண்டாவில் பக்கம் என்றால் நானே வந்து எடுக்கிறேன். சொண்டுக்கு மஞ்சள் துணி என்னிடம் இருக்கிறது.