பேய் வராத பேய்ப்படம்தான் எனக்குப் பிடிக்கும், அதுக்கென்ன இப்போ?

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேர் வீடியோவில் பார்த்துச் சிரித்தும் ஆயிற்று. அதனால் முழுக்கதையும் மறுபடி வேண்டாம். பிடித்த பேய்ப்படம் பத்து சொல்லச் சொன்னார்கள், ஆரம்பித்தேன். முதல் பெயராக மணிச்சித்ரத்தாழ் என்றதுமே முன்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "லேய் மக்கா, பேயே இல்லாத படம் எப்பிடிலே பேய்ப்படம் ஆவும்?" அரங்கமே கைதட்டியது. மீதி ஒன்பது என் சட்டைப்பையிலேயே வீடு திரும்பியது.

சரி. இங்கே மைக் என் கையில்.

'பிடித்த' படம் என்றுதான் கேட்டார்கள். சிறந்த படம் என்று கேட்கவில்லை. எனக்கு எது பயம் தந்ததோ அதுதான் எனக்குப் பேய்ப்படம். உங்களுக்குக் காஞ்சனா பயம் தந்தால் சந்தோஷம், குடும்பத்தோடு பாருங்கள். நான் வந்து மைக்கைப் பிடுங்க மாட்டேன்.

மணிச்சித்ரத்தாழ், 1993. ஃபாசில் இயக்கிய மலையாளப் படம். ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். "அது மனநோய்க் கதைல்லா" என்கிறார்கள். ஐயா, எனக்கும் தெரியும். மோகன்லால் டாக்டராக வந்து விலாவாரியாக விளக்குகிறார். அந்த விளக்கம் வரும்வரை நம் வயிற்றைப் பிசைந்தது எது? விளக்கம் கேட்டதும் அது நின்றுவிட்டதா? எனக்கு நிற்கவில்லை. 1960-ல் ஹிட்ச்காக் எடுத்த சைக்கோவில் எந்தப் பேய் வந்தது? அதைக் கேட்டால் மட்டும் "அது கிளாசிக்" என்று தலையை ஆட்டுகிறீர்கள்.

இன்னொன்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குத்தான் புரியும். அந்தப் படத்தில் ஷோபனா தன்னையே நாகவல்லி என்ற செத்துப்போன நடனக்காரியாக நினைத்துக்கொள்வாள், அந்த நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. மலையாளம் பேசும் வீட்டில் அவள் தமிழில் பேசுவாள், தமிழில் பாடுவாள். கேரளத்துக்காரனுக்கு அது வெளியாள் குரல். 2005-ல் அதே கதை தமிழில் சந்திரமுகியாக வந்தபோது அவளைத் தெலுங்கு பேச வைத்தார்கள், கணக்கு சரிதான். எங்கள் கதி? இரண்டு மொழியும் புரியும் எங்களுக்கு, அதுவரை அயல்வீட்டு மலையாளம் பேசிய பெண் திடீரென்று திரும்பி எங்கள் வீட்டுப் பேச்சில் பேசினாள். எங்களிடமே பேசுவது போல இருந்தது.

அதோடு படத்தின் பல காட்சிகள் எடுத்தது தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில். படம் பார்த்த பிறகு ஆச்சியோடு அங்கே போயிருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கறுத்த தரையில் கால் வைத்தால் பட்டப்பகலிலும் சில்லிடும். ஒவ்வொரு மூடிய கதவையும் தாண்டும்போது ஆச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். ஏழாம் வகுப்புப் பையன்!

"கேரளாக்காரன் படத்தையே தூக்கிப் பிடிக்கான்" என்று ஒரு குரல் வரும், வந்தாயிற்று. 1956 நவம்பர் 1-ல் நாம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம். அரண்மனை நம் மண்ணில், நிர்வாகம் இன்றும் கேரள அரசிடம். அதைப் பற்றி வாய் திறக்காதவர்கள் என் பட்டியலில் எத்தனை மலையாளப் படம் என்று எண்ணுகிறார்கள்.

பட்டியலில் தமிழும் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. டிவி சீரியலே பயமுறுத்தும் யாவரும் நலம் (2009) பார்த்துவிட்டு, மத்தியானம் ஒரு மணிக்கு அம்மா சீரியல் போட்டால் எழுந்து வெளியே போன நாட்கள் உண்டு. பிசாசு (2014) பயத்தைவிட அழுகையைத்தான் தந்தது, ஆனாலும் இருக்கட்டும். பீட்சா (2012) பற்றிச் சொன்னால் பார்க்காதவர்கள் திட்டுவார்கள். பிரமயுகம் (2024) கறுப்பு வெள்ளையிலேயே போதும் போதும் என்றாக்கியது.

பேய் காட்டினால்தான் பயம் என்பவர்களுக்கு ஒன்று. நாம் பேயைப் பார்க்காத ஊரா? கள்ளியங்காட்டு நீலி என்கிற யட்சி நம் ஆள். ராத்திரி வழியில் நின்று சுண்ணாம்பு கேட்பாள் என்று ஆச்சி சொல்லித்தான் நான் சோறு தின்றேன். முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே இசக்கியம்மனாக இருப்பவளும் அவளே என்பார்கள். வண்டிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். வில்லுப்பாட்டு பாடி, கொடை கொடுத்து, பொங்கல் வைத்துக் கும்பிடுகிற ஊரில் பேய் சொந்தக்காரி மாதிரி. 2025-ல் லோகா படத்தில் அவளைப் பெங்களூருக்கே அனுப்பிவிட்டார்கள், ஆச்சி இருந்திருந்தால் "பிள்ளைக்கு அங்க யாரு இருக்கா?" என்று கேட்டிருப்பாள். அவளைக் கண்டு எனக்கு என்ன பயம்? கூடவே உண்டு உறங்குகிற ஆள் ஒருநாள் வேறு முகத்தோடு திரும்பிப் பார்த்தால், அதுதான் பயம். இதைச் சொல்லத்தான் அன்றைக்கு வாயெடுத்தேன்.

"ஒரு கேள்வி கேட்டதுக்கா இவ்வளவு?" என்பீர்கள். ஆமாம், கேட்டது யார் என்பதற்காக இவ்வளவு. பெயர் சொல்ல மாட்டேன்.

மணிச்சித்ரத்தாழ் எங்கள் பக்கத்துத் தியேட்டருக்கு இரண்டாம் சுற்று வந்தது ஓணத்துக்குக் கொஞ்சம் முந்தி. செகண்ட் ஷோ முடிந்து இரண்டு பேர் ரப்பர் தோட்டம் வழியே நடந்து வந்தோம். கரண்டு இல்லை. மரத்துக்கு மரம் கட்டியிருந்த சிரட்டையில் ஒட்டியிருந்த பால் வெள்ளையாக மினுங்கியது. ரப்பர் காய் வெடிக்கிற பருவம் வேறு. தலைக்கு மேலே ஒரு காய் டப்பென்று வெடித்து விதை சருகில் விழுந்ததும், பின்னால் வந்தவன் என் சட்டையைப் பிடித்தான். வீட்டு முடுக்கு வரும்வரை விடவே இல்லை. பேயே இல்லாத படம் பார்த்துவிட்டு வந்தவன்!

அன்றைக்குச் சட்டை முதுகுப்பக்கம் கிழிந்துவிட்டது. வேலியில் மாட்டிக் கிழிந்தது என்று அம்மாவிடம் சொல்லி அடி வாங்கினேன். இத்தனை வருஷமும் யார் கேட்டாலும் வேலி என்றேதான் சொல்லி வந்தேன்.