பார்த்ததைச் சொல்லுங்கள், பிள்ளைகள் திருத்திக்கொள்வார்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் 22 ஆண்டுகளாக அச்சு வடிவமைப்பு வேலை செய்து வருகிறேன். எங்கள் ஊரிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பதால், இசை, நடனம், நாடகம் பயில்வோரோடு கட்புலக் கலை பயிலும் மாணவர்களும் என் வேலைத்தலத்துக்கு அடிக்கடி வருவார்கள். பென் டிரைவில் கொண்டு வந்த சுவரொட்டியை ஏ3 தாளில் ஒரு பிரதி எடுத்து, வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எப்பிடி இருக்கு அண்ணன்?" என்று கேட்பார்கள். "வடிவா இருக்கு தம்பி" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிய நாட்கள் மிகப் பல. அந்தப் பதிலால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பயனும் விளையவில்லை என்பதை மிகப் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன்.

விளங்க வைத்தது ஒரு டெங்குச் சுவரொட்டி. வாடைக் காற்றோடு வரும் மாரி மழை ஓய்ந்ததும் மட்டக்களப்பில் டெங்குப் பயம் தொடங்கிவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்காக மாணவர் சிலர் ஆளுக்கொரு சுவரொட்டி வரைந்து, வகுப்பறைச் சுவரில் வரிசையாக ஒட்டி, பார்த்துக் கருத்துச் சொல்லும்படி என்னையும் அழைத்திருந்தார்கள். அவற்றுள் ஒன்று எல்லோரையும் கவர்ந்தது. கறுப்புப் பின்னணியில் மிகத் துல்லியமாக வரையப்பட்ட ஒரு நுளம்பு. அதற்கு மேலே தாளின் அகலம் முழுவதையும் நிறைத்த சிவப்பு எழுத்தில் "வீட்டைச் சுற்றி நீர் தேங்க" என்ற வரி. நுளம்பின் கால்களுக்குக் கீழே, மேல் வரியில் கால்வாசி அளவுகூட இல்லாத வெள்ளை எழுத்தில் "விடாதீர்கள்". நுளம்பு உயிரோடு இருப்பது போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நிறச் சேர்க்கையைப் பலரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன்.

அப்போது தேநீர் கொண்டு வந்த அம்மா ஒருவரிடம், வரைந்த பிள்ளையே, "அம்மா, இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அவர் வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு, "வீட்டச் சுத்தித் தண்ணி தேங்கி நிக்குதாம் மகள்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை சிறிது நேரம் தன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கொப்பியைத் திறந்து, "விடாதீர்கள்" என்ற சொல்லை மட்டும் பெரிதாக எழுதி, மற்றவற்றை அதற்கு மேலே சிறிதாக எழுதிப் பார்த்தாள்.

பிழை எங்கிருந்து வந்தது என்பதை அவளே எங்களுக்கு விளக்கினாள். இணையத்தில் கண்ட ஆங்கிலச் சுவரொட்டி ஒன்றின் அமைப்பை அவள் எடுத்திருந்தாள். ஆங்கிலத்தில் "செய்யாதே" என்னும் சொல் வாக்கியத்தின் தலையில் நிற்கும். ஆகவே முதல் சொற்களைப் பெரிதாக்கினால் எச்சரிக்கை தானாகவே பெரிதாகிவிடும். தமிழில் எதிர்மறை வினைக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது, வினையோ வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அந்த அமைப்பில் தமிழை அப்படியே ஊற்றியபோது, தடுக்க வேண்டிய செயல் பெரிதாகவும் தடை சிறிதாகவும் ஆகிவிட்டது. கல்லடிப் பாலத்தைக் கடக்கும் பேருந்தின் யன்னலோரத்தில் இருப்பவர் ஒரு சுவரொட்டியில் பெரிய எழுத்தை மட்டுமே வாசிப்பார். வடிவமைப்புப் படித்த எங்களில் ஒருவர்கூட இதைக் காணவில்லை, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா ஒருவர்தான் வாசித்தார்.

சுவரொட்டி பார்த்துக் கருத்துச் சொல்வது என்றால் என்ன என்பது பற்றிய என் எண்ணமே அன்று மாறிப்போனது. அந்த அம்மா நல்லது கெட்டது சொல்லவில்லை, ஆலோசனையும் கூறவில்லை. தன் கண்ணில் பட்டதை, பட்ட ஒழுங்கில் சொன்னார். வரைபவருக்குத் தன் வேலையைப் பற்றித் தெரியவே முடியாத விடயம் அது ஒன்றுதான். தான் என்ன சொல்ல நினைத்தோம் என்பது அவருக்கு முன்பே தெரியும். அதனாலேயே அவர் கண் எழுத்தை வாசிக்காமல் நினைவை வாசித்துவிடுகிறது. முதலில் எதைக் கண்டீர்கள், அடுத்து எங்கே போனீர்கள், எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள், கடைசியில் என்ன விளங்கியது என்று நாம் சொன்னால் போதும், மிகுதியை அவர் பார்த்துக்கொள்வார். "அருமை", "சூப்பர்", "வேற லெவல்" என்று முகநூலில் நாம் அள்ளிக் கொடுப்பவற்றில் இது எதுவுமே இல்லை. "சரியில்லை" என்று ஒரே சொல்லில் முடிப்பவரும் அதே தவறைத்தான் செய்கிறார்.

புகழ்ச்சியால் வரும் கேட்டை நான் என் கையாலேயே அனுபவித்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஓராண்டு நினைவஞ்சலிப் பிரசுரம் ஒன்று செய்தேன். இரவு வானம், நிறைய நட்சத்திரங்கள், நடுவில் வெள்ளை எழுத்தில் "என்றும் மறவோம்". அச்சுக்குப் போகுமுன் மூன்று பேர் பார்த்தார்கள், மூவரும் வடிவாக இருக்கிறது என்றார்கள். 500 பிரதிகள் அடித்த பிறகு, இறந்தவரின் மகன் தாளைக் கையில் எடுத்து "மறவோம" என்று வாசித்தார். மகர மெய்யின் புள்ளி நட்சத்திரங்களுக்குள் கலந்து போயிருந்தது. அவர் கோபப்படவில்லை, ஆனால் அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முழுவதையும் மீண்டும் அடித்துக் கொடுத்தேன். அந்த மூவரில் ஒருவராவது ஒரு தடவை வாய்விட்டு வாசித்திருந்தால் அது நடந்திருக்காது.

தமிழ் எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் மாணவர்களின் வேலையில் நான் காணும் குறைகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. வரைகலை மென்பொருள்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்து உருவானவை. வரிகளுக்கிடையே அவை தாமாக விடும் இடைவெளி, வழக்கமாக எழுத்தளவின் 120 சதவீதம். கீ, கூ, ழு, ஞ என்று மேலேயும் கீழேயும் கை கால் நீட்டும் நம் எழுத்துகளுக்கு அது போதாது. மேல் வரியின் சுழி கீழ் வரியின் விசிறியில் போய் முட்டும். எழுத்துகளை விலக்கி வைத்தால் நவீனமாகத் தெரியும் என்று ஆங்கிலத்தில் செய்வதைத் தமிழில் செய்தால், "கொக்கட்டிச்சோலை" என்ற ஊரின் முதல் எழுத்தே கொம்பு வேறு, ககரம் வேறு, கால் வேறாக மூன்று துண்டாகி நிற்கும். இன்னொன்றும் உண்டு. போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளிலும் இலஸ்ட்ரேட்டரிலும் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு முறையைத் தெரிவுசெய்யாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால், "தேங்க" என்பதன் கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழும். இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் இலங்கையில் அச்சகங்கள் பலவும் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவை இன்னும் விடாமல் வைத்திருக்கின்றன. பாமினிக்கு மாற்றும்போதோ வேறு சில எழுத்துகள் இடம் மாறும். இவற்றையெல்லாம் கண்டுபிடிக்கும் வழி மிகவும் பழையது: தாளில் எடுத்து, எழுத்துக்கூட்டி, வாய்விட்டு வாசிக்க வேண்டும். வரைந்தவர் வாசித்தால் போதாது, வேறொருவர் வாசிக்க வேண்டும்.

1987இல் வந்த, இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் இந்த நாட்டின் ஆட்சிமொழி ஆக்கியது. அதன் பிறகும் பொது இடத்துப் பலகைகளில் கொம்பு மாறிய தமிழையும் புள்ளி விழுந்த தமிழையும் காணும்போது நாம் வேதனைப்படுகிறோம், படம் எடுத்துப் பகிர்கிறோம். நம் பிள்ளை ஒன்று அதே பிழையோடு சுவரொட்டி போடும்போது மட்டும் விருப்பக்குறி இட்டுவிட்டுப் போவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

டெங்குச் சுவரொட்டி இருந்த அந்த வகுப்பறைச் சுவரில் கூத்துச் சுவரொட்டி ஒன்றும் இருந்தது. நம் மரபுக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தின் அரங்கேற்றத்துக்காக ஒரு தம்பி வரைந்தது. அரசனின் உருவம் கம்பீரமாக இருந்தது. நிறத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. மாணவர்கள் அதை கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியாரிடம் எடுத்துச் சென்று காட்டினார்கள், நானும் கூடப் போனேன். அவர் தாளை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "ஆள் நல்லாத்தான் நிக்கிறார் மனே, ஆனா இவர் நம்மட களரில ஆடுற ஆள் இல்ல" என்றார். இணையத்தில் கண்ட ஏதோ ஒரு தென்னிந்திய ஆட்டத்தின் உடையைத் தம்பி வரைந்திருந்தான். வடமோடி அரசன் உடுத்தும் கரப்புடுப்பு எப்படி இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும், ஆள் சுழலும்போது அது எப்படிக் கூடவே சுழலும் என்று அவர் எழுந்து நின்று காட்டினார். சல்லரி என்ற கைத்தாளத்தைப் பிடிக்கும் முறையையும் காட்டினார். தன் அரசனை மேடையில் ஒரு பக்கம் பார்த்து நிற்பவனாக வரைந்த தம்பி, கூத்தாடும் வட்டக்களரியில் நாற்புறமும் சனம் இருக்கும் என்பதைக் கேட்டதும், சுவரொட்டியின் அமைப்பையே மாற்றினான். மேலிருந்து பார்ப்பது போல, சுற்றிலும் தலைகளும் நடுவே விரிந்த கரப்புடுப்பும். எந்த விரிவுரையாளரும் எந்த அச்சுக்காரரும் அவனுக்குக் கொடுக்க முடியாத கருத்து அது. அண்ணாவியாருக்கு எழுத்துரு தெரியாது, நிறச்சக்கரம் தெரியாது. அவருக்குக் கூத்துத் தெரியும்.

சொல்லும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் தொழில் பழகிய இடத்தில், மூத்தவர் ஒருவர் குறை கண்டதும் என்னை எழுப்பிவிட்டுத் தாமே கதிரையில் அமர்ந்து, மௌஸைப் பிடித்து, ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் திருத்திவிடுவார். வேலை நன்றாக வரும். ஆனால் ஏன் நகர்த்தினார், ஏன் குறைத்தார் என்பது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அடுத்த முறையும் அதே பிழையோடு அவர் முன்னால் போய் நிற்பேன். மாணவரின் கோப்பைத் திருத்திக் கொடுப்பவர், உதவி என்று நினைத்தே அந்தப் பிள்ளையின் வேலையைப் பறித்துக்கொள்கிறார். குறையைக் காட்டுவது பார்ப்பவரின் பொறுப்பு, அதற்கு மருந்து தேடுவது வரைந்தவரின் உரிமை.

மாணவர்கள் பக்கத்திலும் ஒரு தயக்கம் இருக்கிறது. எல்லாம் முடிந்து மெருகேறிய பின்னர்தான் வெளியே காட்டுகிறார்கள். அப்போது சொல்லப்படும் எந்தக் குறையும் அடியாகவே விழும், ஏனென்றால் மூன்று இரவு விழித்துச் செய்ததை அழிக்க எவருக்கும் மனம் வராது. பென்சில் கோட்டில் இருக்கும்போதே காட்டினால், கேட்பவருக்கும் வலிக்காது, சொல்பவருக்கும் வாய் வரும். மூத்த மாணவர்களின் வேலையைக் குறை சொல்லக் கூடாது என்ற பழக்கத்தையும், குறைந்தது அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும் ஒரு மணித்தியாலத்துக்காவது, ஒதுக்கி வைக்கலாம்.

விழா நடத்துபவர்கள் சொல்லும் கருத்து வேறு வகை. பிரதம அதிதியின் படம் வேண்டும், சிறப்பு அதிதிகள் எட்டுப் பேரின் படமும் வேண்டும், சின்னம் பெரிதாக வேண்டும் என்பார்கள். அங்கே பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதைப் பார்த்து யார் வர வேண்டும்?

அந்த டெங்குச் சுவரொட்டி இப்போது நான்காவது வடிவத்தில் இருக்கிறது. "விடாதீர்கள்" மேலே வந்துவிட்டது, நுளம்பு பாதியாகச் சிறுத்துவிட்டது. சிவப்பு எழுத்தைக் கறுப்பின் மேல் வைத்தால் தூரத்தில் மங்கிவிடும் என்பதையும், வெயிலில் நின்றால் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும் என்பதையும் அவள் வாசலில் தாளை ஒட்டி வைத்துத் தானே கண்டுகொண்டு, எழுத்தை வெள்ளையாக்கிவிட்டாள்.

என் வேலைத்தலத்தின் தெருப்பக்கச் சுவர் வெறுமையாக இருக்கிறது. வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகள் எவரும் முடியாத வரைவை அங்கே கொண்டு வந்து ஒட்டலாம். காலை பத்து மணிக்கு முன் வந்தால் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி காசில்லாமல் எடுத்துத் தருவேன். அந்தத் தெருவால் மீன் வாங்கப் போகிறவர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் முச்சக்கரவண்டிக்காரர்களும் போவார்கள். அவர்களை மறித்து, என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். கேட்பதை எழுதிக்கொள்ள நூல் கட்டிய பென்சில் ஒன்றையும் தொங்கவிட்டிருக்கிறேன்.