அட்டை அம்மாவுக்கா, காருக்கா?

போன கிழமை லண்டனில் எங்கள் காரின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். சில்லறைக் காசு, போன் சார்ஜர் எல்லாம் கிடந்த இடத்தில் கிடந்தன. களவு போனது அம்மாவின் புளூ பேட்ஜ் மட்டும்தான், அதாவது நடக்க ஏலாதவர்கள் வரும் காரைப் போகும் இடத்துக்குக் கிட்டவே நிறுத்த விடும் நீல அட்டை.

"கார் நம்பரைப் போட்டுத் தந்தால் ஆர் களவெடுக்கப் போறான்?" என்றார் சித்தப்பா. நியாயமான கேள்வி. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

அம்மாவுக்குக் கார் ஓட்டவே தெரியாது. டாக்டரிடம் நான் கூட்டிப்போவேன், வெள்ளிக்கிழமை கோயிலுக்குத் தங்கச்சி, அவளுக்கு வேலை என்றால் பக்கத்து வீட்டு அக்கா. எந்தக் காரின் நம்பரை எழுதுவது? நடக்க ஏலாதது அம்மாவுக்கு, காருக்கு நாலு சக்கரமும் நன்றாகத்தான் இருக்கின்றன. 1971இல் செம்மஞ்சள் நிறத்தில் தொடங்கி 2000இல் நீலமாக மாறிய இந்த அட்டை இன்றுவரை ஆளின் பெயரில்தான் வருகிறது.

சித்தப்பா சொல்வதும் இங்கே ஓரளவு நடக்கிறது. லண்டனில் சில கவுன்சில்கள் (உள்ளூராட்சி மன்றங்கள்) புளூ பேட்ஜோடு துணை அட்டை ஒன்றும் தருகின்றன. அதில் கார் நம்பர் இருக்கும். வேறு காரில் வைத்தால் செல்லாது, ஆகவே கள்ளனுக்கு அதனால் பிரயோசனமில்லை. ஆனால் அந்தக் கவுன்சிலின் எல்லையைத் தாண்டினால் நமக்கும் பிரயோசனமில்லை. பூட்டாக அது நல்லது. உரிமையையே அதற்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டாம்.

அப்புறம் ஒன்று, கள்ளனை விடப் பெரிய தொல்லை நாங்கள்தான். அம்மாவை வீட்டில் இருத்திவிட்டு, அவரின் அட்டையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, மற்றவர்கள் நிறுத்தக்கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர்! அம்மாவின் படம் அட்டையின் அடிப்பக்கத்தில் இருப்பதால் வெளியே தெரியாது என்ற தைரியம். பிடிபட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம், அட்டையையும் அங்கேயே பறிக்கலாம். "அம்மாவுக்குத்தானே சாமான் வாங்க வந்தேன்" என்பதெல்லாம் எடுபடாது. கார் நம்பரோடு தந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் வசதி. அம்மா வந்தாலும் வராவிட்டாலும் காருக்கு இடம் உறுதி, கேட்கவும் ஆளில்லை.

நானும் சுத்தமில்லை. அம்மாவைக் காருக்குள் இருத்திவிட்டு நான் மட்டும் இறங்கி மீன் வாங்கியிருக்கிறேன், மூன்று நாலு தடவை. அதுவும் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

புது அட்டைக்கு விண்ணப்பித்தாயிற்று. அதுவரை கோயில் இல்லை என்று அம்மா சொல்லிவிட்டார். தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க அவரால் ஏலாது.