450-ஐயும் 430-ஐயும் அப்படியே ஒப்பிட முடியாது

"1970 செவ்ரலே செவெல் எஸ்எஸ் காரின் எல்எஸ்6 எஞ்சின் 450 குதிரைத்திறன் தந்தது, புதுப்பித்தபோது அதை எடுத்துவிட்டு 430 குதிரைத்திறன் எல்எஸ்3 பொருத்தியதால் வண்டி வலுவிழந்துவிட்டது" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். எண்கள் இரண்டும் சரி. அவை ஒரே முறையில் அளக்கப்பட்டவை அல்ல என்பதுதான் சிக்கல்.

அந்த 450 மொத்தத் திறன்: எஞ்சினைத் தனியே சோதனை மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டி, ரேடியேட்டர் விசிறி போன்றவை இல்லாமல், காரின் சைலன்சரும் இணைக்கப்படாமல் அளந்தது. அமெரிக்க நிறுவனங்கள் 1972 மாடல்களிலிருந்து, இவை அனைத்தும் பொருத்தப்பட்ட நிலையில் அளக்கும் நிகரத் திறனையே அறிவிக்கத் தொடங்கின. செவ்ரலேயின் விளையாட்டுக் காரான கார்வெட்டின் 2008 மாடலில் வந்த எல்எஸ்3-இன் 430 இந்த வகையைச் சேர்ந்தது.

இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை 1971 கார்வெட்டே காட்டுகிறது. அந்த ஆண்டு செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் இரு அளவுகளையும் வெளியிட்டது. அதில் எல்எஸ்5 எஞ்சினின் மொத்தத் திறன் 365, நிகரத் திறன் 285. அதே எஞ்சின், அளவுமுறை மாறியதும் 80 குறைந்துவிட்டது. ஆகவே நிகர அளவில் பழைய எல்எஸ்6 430-ஐ எட்டியிருக்கும் என்று கருத இடமில்லை.

எல்எஸ்6 என்ற அந்த 7.4 லிட்டர் இரும்பு எஞ்சின் குறைந்த வேகச் சுழற்சியிலேயே தரும் இழுவிசை உண்மையிலேயே அபாரமானது. தொழிற்சாலையில் பொருத்திய எல்எஸ்6-ஐ அகற்றினால் சேகரிப்பு மதிப்பு குறையும் என்ற கவலையும் நியாயமானதே. அவற்றைச் சொல்லி வாதிட்டிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.